கோகிலவாணிக்குத் தெரியாத நாணயம்

பூவராகன் சாருக்கு வேலை கிடைத்தபோது வயது நாற்பத்து நான்கு. அதுவரை டியூஷன் சென்டர் நடத்தியவர். கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்கிற பிள்ளைகளை வரிசை வரிசையாக உருவாக்கியவர். எத்தனையோ தேர்வு எழுதி, எத்தனையோ வருஷம் காத்திருந்து, ஆற்றங்கரை ஓரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

அதே பள்ளியில் தவமணி டீச்சர் இருந்தார். இவரை விடப் பதினோரு வயது இளையவர். பேச்சு குறைவு. ஆனால் அவர் வகுப்பிலிருந்து பிள்ளைகள் மணி அடித்தும் வெளியே வராமல் இருப்பதைப் பூவராகன் முதல் வாரமே பார்த்துவிட்டார். பார்த்தவர் வெட்கப்படாமல் நேரே போய், "எனக்குச் சொல்லிக் கொடுங்க டீச்சர்" என்று கேட்டுவிட்டார். அதற்கு ஒரு மனசு வேண்டும், இல்லை என்று சொல்ல முடியாது.

மற்ற ஆசிரியர்கள் சும்மா விடுவார்களா? "சிஷ்யர் வந்தாச்சு, குரு எங்கே?" என்று ஆசிரியர் அறையில் தினம் ஒரு கிண்டல். பூவராகன் சிரித்துக்கொள்வார். தவமணி டீச்சர் சிரிக்கக்கூட மாட்டார். திருத்திக்கொண்டிருக்கும் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினால்தானே.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு அதிகாரி ஒருவர் வந்து, வகுப்பில் உட்கார்ந்து, ஒரு பாடம் முழுக்கப் பார்த்து எழுதித் தர வேண்டும். வியாழக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் வகுப்பு. ஒளி எதிரொளித்தலும் ஒளிவிலகலும். செய்து காட்டித்தான் நடத்துவது என்று பூவராகன் முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை ஒத்திகை வைத்தார்.

முதலில் கண்ணாடி. ஜன்னல் வழியாக வந்த வெயிலைக் கையளவு கண்ணாடியில் வாங்கிச் சுவரில் அடித்தார். ஊதுபத்தியைக் கொளுத்தி அந்தப் புகையில் ஒளி போகிற பாதையைக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அடுத்தது நாணயம். நீல நிறப் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று. அதன் நடுவில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம். தண்ணீர் ஊற்றினால், விளிம்புக்குப் பின்னால் மறைந்திருந்த நாணயம் மேலே எழும்பி வந்த மாதிரி தெரியும். எல்லாருக்கும் நன்றாகத் தெரிய வேண்டுமே என்று மேஜை மேல் ஒரு ஸ்டூலைப் போட்டு, அந்த ஸ்டூல் மேல் கிண்ணத்தை வைத்தார். நின்றுகொண்டே தண்ணீரை ஊற்றினார்.

"நாணயம் தெரியுதா?"

"தெரியுது சாஆஆர்!"

முப்பத்தொரு பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு பிள்ளை மட்டும் சொல்லவில்லை. முதல் பெஞ்சில் கோகிலவாணி. வகுப்பிலேயே குள்ளம். உயரம் பார்த்து உட்கார வைக்கிற வழக்கம் அந்தப் பள்ளியிலும் உண்டு, அதனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்கு முதல் பெஞ்சுதான்.

"உனக்கு?"

"தெரியலை சார்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டுத்தான் சார் இருக்கேன். தெரியலை."

பூவராகன் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். "இப்ப?"

"இல்லைங்க சார்."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூவராகனுக்குக் காது சூடாகிவிட்டது. வியாழக்கிழமை அதிகாரி இருக்கும்போது இவள் இப்படி எழுந்து நின்று 'தெரியலை' என்றால் என்ன ஆகும் என்று நினைத்தார். அவ்வளவுதான், இரண்டு வருஷத்துப் பொறுமை எல்லாம் எங்கே போனதோ.

"முப்பத்தொரு பேருக்குத் தெரியறது உனக்கு மட்டும் தெரியாதா? வேணும்னே பண்றியா? வியாழக்கிழமை ஆபீசர் வரும்போது வாயைத் திறந்தே, தெரியும் சேதி!"

கோகிலவாணி உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் பூவராகன், நீலக் கிண்ணமும் கையுமாக அறிவியல் அறைக்குப் போனார். தவமணி டீச்சர் ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டிருந்தார். இவருக்கும் ஒரு தம்ளரில் ஊற்றினார்.

பூவராகன் டீயைத் தொடாமல் நடந்ததை எல்லாம் கொட்டினார்.

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் ஏன் டீச்சர் தெரியலை?"

தவமணி டீச்சர் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகினார்.

"கண்ணுல கோளாறு இருக்குமோ?"

"கரும்பலகையில எழுதறதை எழுதிக்கிறாளா?"

"அச்சு மாதிரி எழுதுவா."

"அப்ப கண்ணு சரியாத்தான் இருக்கு."

"பின்னே திமிருதான். வியாழக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் அவளை நூலக அறையில உட்கார வச்சுடலாமான்னு பாக்கறேன். தப்பா டீச்சர்? என் பொழப்பு இதுல இருக்கு."

தவமணி டீச்சர் கிண்ணத்தை வாங்கி மேஜையின் நடுவில் வைத்தார். கையை நீட்டினார். பூவராகன் நாணயத்தைக் கொடுத்தார். டீச்சர் அதை அவருக்குக் காட்டிவிட்டுக் கிண்ணத்துக்குள் கையை விட்டு எடுத்தார்.

"எதிர்ல உட்காருங்க சார். கொஞ்சம் பின்னால சாஞ்சுக்குங்க. நாணயம் தெரியுதா?"

"இல்லை. விளிம்பு மறைக்குது."

டீச்சர் ஜாடித் தண்ணீரை மெதுவாக, அலை எழாமல் ஊற்றினார். முக்கால் கிண்ணம் நிறைந்தது. ஜன்னல் வெளிச்சம் தண்ணீர் மேல் விழுந்து மினுங்கியது.

"இப்ப?"

"தெரியுது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"தெரியுது டீச்சர். நாணயத்தோட அந்தப் பக்கத்து விளிம்பு மட்டும் வெள்ளையா, பளிச்சுனு. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, முழுசும் எழும்பி வந்துடும்."

டீச்சர் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"ஆங். இப்ப முக்கால்வாசி தெரியுது. இதைத்தானே டீச்சர் நானும் காட்டினேன்!"

தவமணி டீச்சர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலுக்கு வெளியே இருந்த செம்பருத்திச் செடிக்குத் தண்ணீரைக் கவிழ்த்தார். காலிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை.

பூவராகன் எட்டிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். டீச்சர் இடது கையைத் திறந்தார். ஐந்து ரூபாய் அங்கே இருந்தது.

"எப்ப எடுத்தீங்க?"

"போடவே இல்லை சார்."

பூவராகன் காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். தவமணி டீச்சர் அவர் பக்கம் டீத் தம்ளரை நகர்த்தினார்.

"குடிங்க. ஆறிடப் போவுது."

அவ்வளவுதான் சொன்னார். பூவராகன் வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அதையே மென்றுகொண்டு போனார். பார்த்தேனே! வெள்ளை விளிம்பைப் பார்த்தேனே! மனுஷனுக்கு ரொம்ப அவமானமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் சீக்கிரமே பள்ளிக்கு வந்தார். மெழுகுவத்தியை உருக்கி நாணயத்தைக் கிண்ணத்தின் அடியில் ஒட்டினார். நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். 'டீச்சர் சொன்னது சரிதான், நாணயம் இருக்கிற இடத்தில் இருக்கணும், நகரக் கூடாது.' அவர் புரிந்துகொண்டது அவ்வளவுதான். யாரை என்ன சொல்ல, பயந்துபோன மனசுக்கு எது சொன்னாலும் காரியத்தில்தான் போய் நிற்கும்.

மெழுகு வைத்து ஒட்டியதை அவர் காட்டினபோது தவமணி டீச்சர் பார்த்தார்.

"நல்லா ஒட்டியிருக்கீங்க" என்றார்.

"கோகிலவாணியை என்ன பண்ணட்டும்?"

"உங்க வகுப்பு சார்."

நூலக அறைக்கு அனுப்பினால் வருகைப் பதிவில் இடிக்கும் என்று அவளை வகுப்பிலேயே விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை வந்தது. அதிகாரியும் வந்தார். உயரமான மனிதர். நெற்றியில் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொள்கிற பழக்கம். அதிகம் பேசவில்லை. பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கோப்பை விரித்தார். பக்கத்து நாற்காலியில் தவமணி டீச்சர்.

கண்ணாடிப் பாடம் கன கச்சிதமாகப் போனது. சுவரில் ஒளி வட்டம் துள்ளியது. புகையில் பாதை தெரிந்தது. படுகோணம், எதிரொளிப்புக் கோணம், இரண்டும் சமம். கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. அதிகாரி எழுதிக்கொண்டே தலையாட்டினார். பூவராகனுக்கு மூச்சு சீராக வந்தது.

மேஜை மேல் ஸ்டூல். ஸ்டூல் மேல் கிண்ணம். தண்ணீர் ஊற்றினார்.

"நாணயம் எழும்பி வந்துச்சா? தெரியுதா?"

"தெரியுது சாஆஆர்!"

அதிகாரியும் பின்னாலிருந்து, "ம், தெரியுது" என்று சொல்லிவிட்டு எழுதினார்.

பூவராகன் ஜாடியைக் கீழே வைத்தார். அப்படியே அடுத்த பகுதிக்குப் போயிருக்க வேண்டியதுதான். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கண் தானாக முதல் பெஞ்சுக்குப் போய்விட்டது.

கோகிலவாணி வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள்.

ஏன் கேட்டார் என்று பூவராகனுக்கே தெரியாது. கேட்டுவிட்டார்.

"கோகிலவாணி. உனக்கு?"

அவள் எழுந்து நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள். திரும்பி அதிகாரியைப் பார்த்தாள். அப்புறம் பூவராகனைப் பார்த்தாள்.

"தெரியுது சார்" என்றாள்.

அவள் வாயிலிருந்து இந்தச் சொல் வர வேண்டும் என்றுதான் இரண்டு நாளாக அவர் சாமியைக் கும்பிட்டார். வந்தது. வந்ததும் நெஞ்சுக்குள் என்னவோ சுருக்கென்று குத்தியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தன் வாயிலிருந்து வந்த அதே சொல். வெள்ளையா, பளிச்சுனு. முக்கால்வாசி. ஒன்றுமே இல்லாத கிண்ணத்தைப் பார்த்து.

அடப்பாவி, என்ன காரியம் செய்தேன் இந்தப் பிள்ளைக்கு என்று பூவராகன் நினைத்தார்.

அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் தள்ளி உட்காரும்மா" என்றார். கோகிலவாணி தள்ளினாள். அந்தச் சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க, அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ஸ்டூலின் கால்கள் தெரிந்தன. அதற்கு மேலே கிண்ணத்தின் நீல வயிறு தெரிந்தது. நாணயம் எங்கே, தண்ணீர்கூடத் தெரியவில்லை. எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று எத்தனை உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறார்! எல்லாருக்கும் கிண்ணம்தான் தெரிந்தது. கிண்ணத்துக்குள் இருப்பது நின்றுகொண்டிருந்த அவர் ஒருத்தருக்குத்தான் தெரிந்தது, இரண்டு தடவையும்.

பூவராகன் எழுந்து அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். கடைசி பெஞ்சிலும் போய் உட்கார்ந்து பார்த்தார். அதிகாரியின் பேனா நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியலை" என்றார் பூவராகன்.

அவர் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார்.

"எங்கே உட்கார்ந்து பாத்தாலும் எனக்குத் தெரியலை. கோகிலவாணி செவ்வாய்க்கிழமை சொன்னதுதான் சரி. நான்தான் அவளைத் திட்டினேன். அது தப்பு. இப்ப கேக்கறேன், யாரும் பயப்பட வேணாம். உங்க யாருக்காவது நிஜமா நாணயம் தெரிஞ்சுதா?"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது பெஞ்சிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "எனக்கும் தெரியலை சார்." பின்னாலிருந்து இன்னொன்று. "எனக்கும்." "எனக்கும் சார்." அப்புறம் மடை திறந்த மாதிரி எல்லாரும் கத்தினார்கள்.

சத்தம் அடங்கியதும் பின்சுவர்ப் பக்கம் தொண்டையைக் கனைக்கிற ஒலி கேட்டது.

"எனக்கும்தான்" என்றார் அதிகாரி.

வகுப்பே சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். தவமணி டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவராகன் கிண்ணத்தை இறக்கினார். பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்தச் சொல்லிவிட்டு, வகுப்பின் நடுவில் தரையிலேயே வைத்தார். தண்ணீரை வாளியில் கொட்டினார். "எல்லாரும் சுத்தி நில்லுங்க. நாணயம் தெரியுதா? பொய் சொல்லக் கூடாது. தெரியறவங்க ஒவ்வொரு அடியா பின்னால போங்க. எப்ப மறையுதோ அங்கே நின்னுடுங்க."

பிள்ளைகள் பின்வாங்கினார்கள். ஒருத்தன் காலை ஒருத்தன் மிதித்தான். "மறைஞ்சிடுச்சு சார்!" "எனக்கு இன்னும் தெரியுதே!" "நீ நெட்டையன்டா, உனக்குத் தெரியத்தான் செய்யும்!" கோகிலவாணி இரண்டே அடியில் நின்றுவிட்டாள். பூவராகன் அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்தார். அவள் ஒவ்வொருத்தர் கால் முனையிலும் கோடு போட்டுக்கொண்டே போனாள்.

"ஐயா, நீங்களும் வாங்க" என்று அவள் அதிகாரியைக் கூப்பிட்டாள். பூவராகனுக்குத் திக்கென்றது. அதிகாரி கோப்பை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்து நின்றார். பின்னால் போய்க்கொண்டே இருந்தார். கதவு நிலை வரை போன பிறகுதான் அவருக்கு மறைந்தது. கோகிலவாணி அவர் செருப்பு முனையில் கோடு போட்டாள்.

"வட்டமா வரலையே சார், கோணலா இருக்கு" என்றாள் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்து. "குள்ளமா இருக்கவங்க கிட்ட, உசரமா இருக்கவங்க தூரத்துல."

"யாரும் நகராதீங்க" என்று பூவராகன் ஜாடியைத் தூக்கினார். மெதுவாக, அலை எழாமல் ஊற்றினார்.

முதலில் கோகிலவாணிதான் கத்தினாள். "வருது சார்! வருது! எந்திரிச்சு வருது!" அப்புறம் அந்தக் கோணல் வட்டம் முழுக்க ஒரே கூச்சல். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாணயம் எங்கேயும் எழும்பவில்லை, மெழுகில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்று ஒருத்தன் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துச் சொன்னான். அப்படியானால் எப்படித் தெரிகிறது என்று இன்னொருத்தி சண்டைக்குப் போனாள். இரண்டு பேரையும் பூவராகன் விலக்கிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

ஒளிவிலகல் என்ற சொல்லைக்கூட அவர் இன்னும் கரும்பலகையில் எழுதியிருக்கவில்லை.

அதிகாரி நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு நகலைப் பூவராகனிடம் கொடுத்தார். கையைக் குலுக்கினார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பூவராகன் படித்தார். 'பாடத்திட்டத்தில் குறிப்பிட்டபடி பாடம் நிறைவடையவில்லை. விதிகள், வரையறை, தொகுத்தல் விடுபட்டுள்ளன. அடுத்த மாதம் மறுபார்வை தேவை.'

காலியான வகுப்பில் பெஞ்சுகள் இன்னும் சுவரோரம்தான் கிடந்தன. பூவராகன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். வீட்டில் என்ன சொல்வது, அடுத்த மாதம் என்ன ஆகும், அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. தவமணி டீச்சர் ஃபிளாஸ்க்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்ககிட்டே ஒண்ணு கேக்கறேன் டீச்சர். ஆறுதலுக்குச் சொல்லாதீங்க. நான் தேறிட்டேனா, இல்லையா?"

தவமணி டீச்சர் டீயை ஊற்றினார்.

குழாயடியில் கிண்ணத்தைக் கழுவப் போயிருந்த கோகிலவாணி உள்ளே வந்தாள். கிண்ணத்தை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். போகாமல் அங்கேயே நின்றாள்.

"என்னம்மா?" என்றார் பூவராகன்.

"சார், அந்த முதப் பாடம். கண்ணாடிப் பாடம்."

"அதுக்கென்ன? அது நல்லாத்தானே போச்சு!"

"எனக்குப் புரியலை சார்."

பூவராகன் நிமிர்ந்தார்.

"கண்ணாடியில படற வெளிச்சம் திரும்பி வருதுன்னீங்க. சரி. செவுத்துலயும்தான் வெயில் படுது. அது ஏன் கண்ணாடி மாதிரி அந்தாண்ட செவுத்துல வட்டமா போய் விழலை? அன்னைக்கே கேக்கலாம்னு இருந்தேன். நீங்க வாயைத் திறக்காதேன்னுட்டீங்க."

பூவராகன் சுவரைப் பார்த்தார். நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது. டியூஷன் சென்டரில் ஆயிரம் தடவை சொன்ன பதில், இரண்டு வரி, இரண்டு மதிப்பெண். அதை அப்படியே விழுங்கினார். சுண்ணாம்பு உதிர்ந்த இடம், ஆணி அடித்த ஓட்டை, வெயில் விழுந்த துண்டு, எல்லாவற்றையும் அப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார். எழுந்து போய்க் கையால் தடவியும் பார்த்தார். கோகிலவாணியும் வந்து பக்கத்தில் நின்று தடவினாள்.

"சொரசொரன்னு இருக்கு சார்" என்றாள்.

பூவராகன் மறுபடியும் தடவிப் பார்த்தார்.

தவமணி டீச்சர் டீத் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தேறிட்டீங்க சார்."